பாப்பம்

பதிவுப் பத்திரத்தில் நாலாவது பெயர் என்னுடையது.
முதலாவது, சூக் நகரத்துப் பல் வைத்தியர்.
ஒக்டோபருக்கு ஒக்டோபர் ஒரு முத்திரை:
ஒயில், பிளக், பிறேக் தண்ணி.
பஞ்சாங்கம் பிசகாத மனிசன்.
இரண்டாவது ஆளின் பக்கங்கள் வெள்ளை.
ஐந்து வருடம், ஐம்பத்தோராயிரம் கிலோமீற்றர்,
ஒரு கையெழுத்துக்கூட இல்லை.
அந்த வருடங்களில் என்ன நடந்ததென்று
காருக்குத் தெரியும்.
சொல்லும். ஒரேயொருக்காத்தான் சொல்லும்.

மூன்றாவது, லாங்னவில் இறைச்சிக்கடைக்காரர்.
ஆண்டுக்கு நாலு ஞாயிறு வெளியே, மிச்சம் போர்வைக்குள்.
"ஓடினதே இல்லை, புதுசுமாதிரி" என்று
பெருமையோடு திறப்பைத் தந்தார்.
ஓடாமல் கிடந்தே
ரப்பர் வளையங்கள் காய்ந்திருந்தன.
மூன்றாம் மாதம் கராஜ் நிலத்தில் முதல் பொட்டு.
கடதாசிமட்டை விரித்தேன்.
பொட்டுக்குப் பக்கத்தில் பேனாவால் திகதி எழுதினேன்.

லொசானிலிருந்து தங்கை:
"இருக்கிறதே இரண்டு கதிரை,
மரக்கறிப் பை வைக்கவும் இடமில்லை,
நம்பி மலையேறலாமோ அக்கா இதில?"

நம்பி ஏறவில்லை. கேட்டுக் கேட்டு ஏறுகிறேன்.
ரேடியோவை நிற்பாட்டி,
கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி,
மூன்றாம் கியரில் ஒரு சத்தம்,
அது நேற்றும் இருந்ததா?

டயாலிசிஸ் வார்ட்டில் என் வேலையும் அதுதான்.
போகும் இரத்தம், திரும்பும் இரத்தம்,
நடுவில் ஒரு வடிகட்டி.
கெர்பர் ஐயா கிழமைக்கு மூன்றுதரம் வருவார்.
தன் பொட்டாசியத்தைக் கேட்கமுதல்
என் காரைக் கேட்பார்.
"இன்னும் ஓடுதா?"
"ஓடுது. நீங்கள்?"
"ஓடுறன்."

எண் பலகை ஒன்று, வாகனம் இரண்டு.
இந்த நாட்டில் அப்படியொரு வசதி,
எதில் பலகையோ அதுதான் வீதியில்.
வேலைக்குப் போவது டொயோட்டா.
அதன் மூடியை நான் திறந்து பார்த்ததே இல்லை.
நம்பிக்கை என்றால் அதுவாக்கும்,
பார்க்காமல் இருப்பது.
போன ஒக்டோபர், காலை நாலே முக்கால், மழை,
ஒரு 'டிக்' சொல்லிவிட்டு அது படுத்துவிட்டது.
இருட்டில் பலகையைக் கழற்றி
ஈரக்கையோடு மற்றதற்கு மாட்டினேன்.
திருகியவுடன் இருமாமல் எழும்பியது,
சுவருக்கு அந்தப்பக்கம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்ததுபோல.
இதை வைத்து ஒரு தீர்ப்பும் எழுத முடியாது.
அடுத்த கிழமையே அதன் கூரை பாதியில் நின்று
பிரியென்ஸ் ஏரிக்கரையில் தொப்பமாய் நனைந்தேன்.

என்ஜினுக்குள் ஒரு பெயரிங் இருக்கிறது.
குழந்தைக் காப்பு அளவு.
அது போனால் எல்லாம் போகும்.
நூற்றுக்கு எத்தனை போகும் என்று கணக்கு உண்டு.
என்னுடையது எப்ப போகும் என்று இல்லை.

"மாற்றலாம்" என்றார் சூர்ப்ரூக்,
"கியர்ப்பெட்டியை இறக்கவேணும்.
நீ கொடுத்த விலையில் காற்பங்கு."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் பழைய ஒயில் வடிகட்டியை
வாளால் வட்டமாக அறுத்து,
உள்ளே இருந்த கடதாசி மடிப்புகளைக்
கொசுவம்போல ஒவ்வொன்றாய் விரித்தார்.
டோர்ச் வெளிச்சத்தில்
கறுப்பு. கறுப்பு. கறுப்பு.
பதினோராவது மடிப்பில் ஒரு மினுக்கம்.

காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனார். ஒட்டவில்லை.
பெயரிங் என்றால் ஒட்டவேணும்.
அலுமினியமாய் இருக்கலாம்,
எங்கேயோ எதுவோ உரஞ்சுகிறது.
என் நகப்பூச்சாகவும் இருக்கலாம்,
போனமுறை ஒயில் மாற்றியது நான்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"லூகே மர்" என்றார்.
மகளின் கலியாணத்துக்கும், பனிக்கும், வங்கிக் கடனுக்கும்
பேர்ன் ஆட்கள் சொல்கிற சொல்.
எங்கட பாப்பம்.

மூத்திரப் பரிசோதனைச் சிமிழொன்றில்
அந்த மினுக்கத்தைப் போட்டு மூடி,
மூடியில் கிலோமீற்றரை எழுதினேன்:
ஒரு இலட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.
அடுத்த சிமிழ் ஐயாயிரம் கழித்து.

வெளியே மழை விட்டிருந்தது.
கூரைப் பொத்தானை அமத்திப் பிடித்தேன்.
இன்றைக்கு முழுதாய்த் திறந்தது.